நான் சொன்ன மொழிபெயர்ப்பு

தங்கை மலருக்கு இருமுனை மனநோய் என்று தெரிந்த அன்று, பதுளை கிளினிக்கில் அம்மாவுக்கு மொழிபெயர்த்தவன் நான்தான். "இரத்த உறவில் வேறு யாருக்காவது உண்டா?" என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்த மலரை அணைத்தபடி, அம்மா மறைக்காமல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என் தங்கச்சிக்கும் இதேதாங்க. லித்தியம் மாத்திரையிலதான் சுகமானா."

வாசலில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நின்றார்கள். எனக்கோ பெண் பேசிக்கொண்டிருந்த நேரம். பரம்பரை நோய் என்று வெளியே தெரிந்துவிடுமே என்று பயந்து, "யாருக்கும் இல்லை" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

வேறு மாத்திரைகளோடு இரண்டு வருடம் போனது. மலர் எல்ல நகரில் பார்த்த ஹோட்டல் வேலையை இழந்தாள், இரண்டு முறை வார்டில் கிடந்தாள். அதைக் கேள்விப்பட்டுப் பெண் வீட்டாரும் விலகிக்கொண்டார்கள்.

பிறகு மரபணு ஆய்வுக்கு இரத்தம் எடுக்க வந்த தமிழ்ப் பெண்ணிடம் அம்மா சித்தியைப் பற்றிச் சொல்ல, அவள் அதை டாக்டரிடம் சொன்னாள். நெருங்கிய உறவுக்குப் பலன் தந்த மருந்து இவளுக்கும் தரக்கூடும், முதலிலேயே தெரிந்திருந்தால் அதைத்தான் கொடுத்திருப்பேன் என்றார் டாக்டர். லித்தியத்தில் மலர் தெளிந்தாள்.

தெளிந்தவள் ஒருநாள் சொன்னாள்: "ஹோட்டல்ல வேல செஞ்சவளுக்குச் சிங்களம் தெரியாதாண்ணே? நீ சொன்னது அன்னைக்கே புரிஞ்சிச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"பைத்தியம் சொன்னா யாரு நம்புவா?"

அன்று அந்த அறையில் டாக்டர் நம்பியது என்னைத்தான்.