வீரபாண்டி பார்த்த கடைசி ஃபைனல்

பந்து விளையாட்டு எனக்கு ஆகாது. இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுவதை ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, என்னமோ தானே ஓடியதுபோல மூச்சு வாங்குகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வரும். கல்ஃபில் முசஃபா என்ற இடத்தில் எங்கள் கம்பெனி கேம்ப்பில் பஸ் ஓட்டுகிறவன் நான். பெயர் ராஜிக், ஊர் கீழக்கரை. என் பஸ்ஸில் முன் சீட்டு வெல்டர் வீரபாண்டிக்கு எழுதிவைத்தது. ஐரோப்பாவின் கிளப் அணிகளெல்லாம் வருடா வருடம் மோதிக்கொள்ளும் சாம்பியன்ஸ் கோப்பையைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் அவன் வாயிலிருந்து வந்ததுதான். காதைப் பொத்திக்கொண்டு வண்டி ஓட்ட முடியாதே.

சிவகங்கைக்குக் கிழக்கே ஒரு கிராமம் அவனுக்கு. அங்கே கபடி ஆடுவார்கள், கிரிக்கெட் ஆடுவார்கள். கால்பந்து கிடையாது. கனகாவைக் கட்டிக் கொஞ்ச காலத்திலேயே, 2005 மே மாதம், இங்கே வந்து இறங்கினான். வந்த வாரமே வெயிலும் தனிமையும் தாங்காமல் திரும்பிப் போவதென்று பெட்டியைக் கட்டிவிட்டானாம். அன்று அறையிலிருந்த மலையாளிகள் இஸ்தான்புல்லில் நடந்த ஃபைனலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்குள் மிலான் அணி மூன்று கோல் போட்டுவிட்டது. லிவர்பூல்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். திரும்பி வந்தவர்கள் ஆறே நிமிடத்தில் மூன்றையும் திருப்பிக் கொடுத்து, கடைசியில் பெனால்டியில் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவன் கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டான்.

“அன்னைக்கு மட்டும் அந்த மாட்ச் மூணோட முடிஞ்சிருந்தா நான் ஊர்லதான் பாய் இருந்திருப்பேன்” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அதைப் பெருமையாகச் சொல்கிறானா வருத்தமாகச் சொல்கிறானா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கோப்பையின் கதையை அடியிலிருந்து தேடித் தேடிப் பார்த்தான். பாரிஸில் விளையாட்டுப் பத்திரிகைக்காரர்கள் கிளப்பிவிட்ட யோசனையாம் அது. 1955-இல் தொடங்கி, முதல் ஐந்து வருடமும் மாட்ரிட்காரர்கள் கோப்பையைக் கீழே வைக்கவில்லையாம். மான்செஸ்டர் அணி இந்தக் கோப்பைக்காக ஆடிவிட்டு ஊர் திரும்புகையில், வழியில் மியூனிக்கில் விமானம் நொறுங்கிப் பாதிப் பேர் போய்ச் சேர்ந்ததையும், பத்து வருடம் கழித்து அதே கிளப் அதே கோப்பையை வென்றதையும் திரும்பத் திரும்பச் சொல்வான். வெளியூரில் போய் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்று அந்தப் போட்டியில் ஒரு விதி இருந்ததாம். சில வருடங்களுக்கு முன் அதை எடுத்துவிட்டபோது இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. “வெளியூர்ல கெடக்குறவன் கஷ்டம் இவனுகளுக்கு என்னா தெரியும்” என்றான்.

ஒரே ஒரு ஃபைனலை மட்டும் அவன் பார்த்ததே கிடையாது. 1985-இல் பிரஸ்ஸல்ஸில் ஆட்டம் தொடங்குமுன் கூட்டத்தில் கலவரமாகி, சுவர் சரிந்து, முப்பத்தொன்பது பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் ஆட்டத்தை நடத்தினார்கள். நிறுத்தியிருந்தால் கலவரம் இன்னும் பெரிதாகியிருக்கும் என்று சொன்னார்களாம். எழவு விழுந்த இடத்தில் என்ன ஆட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று அதை நினைக்கும்போதெல்லாம் திட்டுவான். அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

அவன் அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நைட் டூட்டியில் இருக்கிறவன் ஃபைனலைப் பார்க்க முடியாது. அவன் காலையில் வரும்வரை நேரலையில் பார்த்த யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. அவன் வந்ததும் அறையைப் பூட்டிவிட்டு, எல்லோருடைய போனையும் அணைத்து, காலி ரைஸ் குக்கருக்குள் போட்டு மூடிவிடுவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் மறுபடி பார்க்க வேண்டும், புதிதாகப் பார்ப்பதுபோல. முகத்தைக் கோணி முடிவைக் காட்டிக்கொடுத்தவனுக்கு ஒரு வாரம் பாத்திரம் கழுவுகிற வேலை. இதை ஏற்படுத்தியவனே வீரபாண்டிதான்.

போன வருடம் மே மாதம் அவனுக்கு இந்தக் கோப்பையைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து சேர்ந்திருந்தது. கனகாவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சரியாக வேலை செய்யவில்லை. மதுரையில் ஆபரேஷனுக்கு ஜூன் மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள். தியேட்டருக்குள் கொண்டுபோகுமுன் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். கேஸ் பிளான்ட்டை நிறுத்திவைத்து ராப்பகலாக ரிப்பேர் நடக்கிற ஷட்டவுன் சமயம் அது. ஃபோர்மேன் கையைக் காலைப் பிடித்து, அந்த வேலை முடிந்த கையோடு லீவு என்று வாங்கியிருந்தான். லீவு கிடைத்ததை அறையில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. லீவை முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்னால் கேன்சலாகிவிடும் என்று கல்ஃபில் ஒரு நம்பிக்கை. அவனுக்கு ஒரு தடவை அப்படி ஆகியும் இருக்கிறது.

மே கடைசி நாள், சனிக்கிழமை, ஃபைனல். பாரிஸ் அணிக்கும் மிலானின் இன்டர் அணிக்கும். வீரபாண்டி நைட் டூட்டியில் இருந்தான். பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோக முடியாது. அவன் போன் அணைந்து பெட்டியில் கிடந்தது.

மறுநாள் விடியுமுன் நான் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது பாலகுரு கூப்பிட்டான். வீரபாண்டிக்குப் பக்கத்துக் கட்டில்காரன், தென்காசிப் பையன். கனகாவின் தம்பி மணிகண்டன் அவனுக்குப் போன் செய்திருக்கிறான். இரவு மூச்சுத் திணறி, மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கனகா போய்விட்டாள்.

பாலகுருவும் நானும் கலந்து பேசினோம். காலையில் திருச்சிக்கு ஒரு விமானம் இருந்தது. டிக்கெட் போடுவது பெரிய காரியமில்லை. பாஸ்போர்ட்தான் பிரச்சினை. எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் ஷார்ஜா ஹெட் ஆபீஸ் பெட்டகத்தில் இருக்கும். சாவி ஆபீஸ் பொறுப்பாளர் வாசுவிடம். அன்றைக்கு ஆபீஸ் லீவு, வாசுவின் போனும் அணைந்திருந்தது. அவருக்கு வீடு அஜ்மானில். நேரே போய்க் கதவைத் தட்டுவதென்று கம்பெனி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதற்குப் பிறகு அறையில் நடந்ததைப் பாலகுரு பின்னொரு நாள் அழுதுகொண்டே எனக்குச் சொன்னான்.

வீரபாண்டி டூட்டி முடிந்து வந்தபோது அறையில் ஒருவரும் பேசவில்லை. அவனுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்கிறது. கட்டுப்பாட்டை எல்லோரும் ஒழுங்காகக் காக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். பாலகுரு எழுந்து, “அண்ணே, ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கியதும் கையை நீட்டித் தடுத்துவிட்டான்.

“ஒரு வார்த்தை சொல்லப்புடாது. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இன்டர் தோத்துருச்சு. ஒரு வாரம் பாத்திரம் நீதான் தம்பி.”

பாலகுரு இன்டர் ரசிகன். அழுது வீங்கியிருந்த அவன் கண்ணுக்கு வீரபாண்டி வைத்த கணக்கு அது. சிரித்துக்கொண்டே எல்லோருடைய போனையும் வாங்கி அணைத்துக் குக்கரில் போட்டு மூடினான். அப்போதாவது எவனாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் அவர்கள் யோசித்ததும் தப்பென்று சொல்லிவிட முடியாது. பாஸ்போர்ட் கைக்கு வராமல் சொன்னால் இங்கே கிடந்து துடிப்பானே தவிர வேறென்ன செய்ய முடியும்? இரவெல்லாம் நின்று வெல்டிங் அடித்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டு வாய் தின்னட்டும், ராஜிக் பாய் வரும்வரை அவன் ஆட்டத்தைப் பார்க்கட்டும் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். கேம்ப்புகளில் சாவுச் செய்தியை அப்படித்தான் சொல்வது வழக்கம். முதலில் சோறு, பிறகு டிக்கெட், அதற்கும் பிறகுதான் செய்தி.

அஜ்மானில் வாசு கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். “வீரபாண்டி பாஸ்போர்ட் இங்க இல்லையே பாய். லீவுக்கு ஊருக்குப் போறேன்னு போன வாரம் அவரே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரே” என்றார்.

உடனே பாலகுருவைக் கூப்பிட்டேன், அணைந்திருந்தது. அந்த அறையில் எனக்குத் தெரிந்த ஒவ்வொருவனையும் கூப்பிட்டேன், எல்லாமே அணைந்திருந்தது. கேம்ப் வாட்ச்மேனைப் பிடித்துக் கதவைத் தட்டச் சொன்னேன். தட்டியிருக்கிறான். யாரும் திறக்கவில்லை. வாட்ச்மேன் செய்தியை உளறிவிடுவானோ என்று உள்ளே பயந்திருக்கிறார்கள். “மாட்ச் கே பாத், பாய்”, மாட்ச் முடிந்த பிறகுதான் என்று அவன் போனில் என்னிடமே சொல்கிறான். அந்த ரோட்டில் அவ்வளவு வேகமாக நான் வண்டி ஓட்டியதில்லை. ஓட்டிய நேரமெல்லாம் அந்தக் கோப்பையையும், அதைக் கண்டுபிடித்த பத்திரிகைக்காரனையும், ஊமையாக உட்கார்ந்திருந்த அந்த அறையையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன்.

அங்கே இன்டர் அணி கோலுக்கு மேல் கோல் வாங்கிக்கொண்டிருந்தது. இடைவேளையில் இரண்டு. அப்போதே டீவியை அணைத்திருந்தால் விமானம் கிடைத்திருக்கும். ஆனால் இஸ்தான்புல்லைப் பார்த்தவன் ஆயிற்றே, பாதியில் எழுந்துபோவானா? முடிவு தெரிந்துவிட்டது என்றாலும், எப்படித் தோற்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா என்றிருக்கிறான். மூன்று, நான்கு, ஐந்து. அந்தக் கோப்பையின் ஃபைனலில் அதற்கு முன் யாரும் அவ்வளவு கேவலமாகத் தோற்றதில்லையாம். ஒவ்வொரு கோலுக்கும் பாலகுரு கேவிக் கேவி அழ, வீரபாண்டி அவன் தோளில் கையைப் போட்டு, விடு தம்பி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றியிருக்கிறான். பெண்டாட்டி செத்தவன், அவளுக்காக அழுகிறவனைப் பந்தாட்டத்துக்கு அழுகிறான் என்று நினைத்துத் தேற்றினான்.

நான் கதவை உடைக்கிற மாதிரித் தட்டியபோது ஆட்டம் முடிந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வீரபாண்டிதான் கதவைத் திறந்தான். “வாங்க பாய், அஞ்சு கோல்” என்றான். எனக்குப் பக்குவமாகப் பேசத் தெரியாது.

“பாண்டி, கெளம்பு. கனகா போயிட்டாப்பா.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பிப் பாலகுருவைப் பார்த்தான்.

“இதுக்காடா அழுத?”

பாலகுரு தரையில் உட்கார்ந்துவிட்டான். பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்ததாக யாரோ திக்கித் திக்கிச் சொன்னார்கள். வீரபாண்டி தன் தலையணையைத் தூக்கினான். உறைக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். அவன் ஒருத்தரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏர்போர்ட்டில் கவுன்டரை அப்போதுதான் மூடியிருந்தார்கள். நான் கெஞ்சினேன், கத்தினேன். அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் விதி விதிதான். அடுத்த விமானம் சாயங்காலம். ஒரு ஓரமாக இரும்பு நாற்காலியில் அவனை உட்காரவைத்தேன். டூட்டிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் மணிகண்டன் என் போனில் கூப்பிட்டான். ஐஸ் பெட்டி கொண்டுவந்து வைத்துத்தான் இருந்தார்கள். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் இனித் தாங்காது என்றார்கள். சனிப்பிணம் தனிப்போகாது என்பார்களே, அந்தப் பயம். உயிர் போனது விடியுமுன், ஆகவே சனிக்கணக்குதான், மறுநாள்வரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். அவர் வரும்வரை வைத்திருப்போம் என்று மணிகண்டன் சண்டை போட்டிருக்கிறான் பாவம். அந்த வீட்டில்தான் வீரபாண்டியின் மகள் விஜி இருக்கிறாள், காரைக்குடியில் காலேஜில் படிக்கிறவள். அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று எவனாவது சொல்லிவிட்டால் எந்தத் தகப்பன் தாங்குவான்? சரி என்றான். முகத்தை மட்டும் காட்டச் சொன்னான்.

விஜிதான் போனைப் பிடித்தாள். கூட்டமும் ஒப்பாரியும், போன் ஆடிய ஆட்டத்தில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பிறகு படம் நின்றது. சுமங்கலியாகப் போனவள் என்று கனகாவுக்குப் பட்டுச்சேலை கட்டி, கன்னமெல்லாம் மஞ்சள் பூசி, நெற்றி நிறைய ரூபாய்க்காசு அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் எனக்குப் புரியாத ஒரு திகைப்பு இருந்தது.

“இது அவ மொகம் மாதிரி இல்லையே விஜி. அம்மா இம்புட்டுப் பெரிய பொட்டு வைக்க மாட்டாளேம்மா. கடுகு மாதிரித்தான வைப்பா.”

பக்கத்திலிருந்த பெண்கள் கூடாது, கூடாது, சுமங்கலியின் குங்குமத்தில் கைவைக்கக் கூடாது என்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. விஜி யாரையும் காதில் வாங்கவில்லை. போனை மணிகண்டனிடம் கொடுத்தாள். முந்தானையால் அம்மாவின் நெற்றியை மெதுவாகத் துடைத்தாள். பிறகு மோதிர விரல் நுனியால் தொட்டு, சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

வீரபாண்டி போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனான். அதுவரை அழாதவன் அப்போதுதான் உடைந்தான். பயணிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவனை மறைத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்பத்தான் கனகா” என்றான். மச்சினனைக் கூப்பிட்டான்.

“சரி மணி, எடுத்துருங்க.”