தரையைக் கழற்றிக்கொண்டு போகும் ஊர்

வியாழன் மாலை ரொறன்ரோவில் விமானம் ஏறி, வெள்ளி காலை ஆம்ஸ்டர்டாமில் இறங்கினேன். ஏழு மணி நேரப் பயணம். மகள் கீர்த்தனாவுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுப்பதுதான் வந்த காரியம். ஸ்காபரோவில் மூன்று வீடுகளின் பேஸ்மென்ற் நிலவறைகளில் குடியிருந்து, மில்லிக்கனில் சொந்த வீடு வாங்கி, அதன் பேஸ்மென்ற்றை என் கையாலேயே கட்டி வாடகைக்கும் விட்டவன் நான். வீட்டு விஷயத்தில் எனக்கு ஒருவர் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கீர்த்தனா பொறியியலாளர். கடலுக்குள் காற்றாலை நாட்டும் கம்பனி ஒன்றுக்கு இரண்டு வருட வேலையாக வந்திருந்தாள். இதுவரை இருந்த அறையை மாத முடிவில் விட வேண்டும். இந்த நாட்டில் முகவரி இல்லையென்றால் நகரசபைப் பதிவு இல்லை; பதிவு இல்லையென்றால் ஒரு அலுவலும் நடக்காது. அவள் குரலில் பதற்றம் தெரிந்ததால்தான் லீவு போட்டுவிட்டு வந்தேன். விமான நிலையத்தில் மனைவி சொல்லிவிட்ட புத்திமதி ஒன்றே ஒன்று.

"பெரிசா ஒண்டும் வாங்கிக் குடுத்துப் போடாதேங்கோ. ரெண்டு வருசம் முடியத் திரும்பி வாறவள்தானே."

என் எண்ணமும் அதுவே. அவள் வந்துவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து சாண்ட்ஃபோர்ட் போகும் ரயிலில் ஏறினோம். அரை மணி நேரம். ஹார்லெம் தாண்டியதும் வீடுகள் குறைந்து, புல் முளைத்த மணல்மேடுகள் வந்தன. கடைசி நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடையில் கடல். காலையில் வேலைக்குப் போகும் சனமும் வெயில் காய வரும் சனமும் ஒரே ரயிலில்தான். விட்பியிலிருந்து ரொறன்ரோ டவுன்டவுனுக்கு ஒரு மணி நேரம் தூங்கி வழிந்து போகும் என் மச்சானை நினைத்துக்கொண்டேன். அவருக்கு இந்த ஊரைக் காட்டினால் வயிறெரிவார்.

வீடு கீழ்மாடியில். இரண்டு அறை, சின்னக் கொல்லை, மாதம் ஆயிரத்து எழுநூறு யூரோ. அதுவரை குடியிருந்த அன்னா என்ற பெண்தான் சுற்றிக் காட்டினாள். தேன் நிறத்தில் பளபளவென்று மரத்தரை. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். கூட வந்திருந்த வீட்டுக்காரர் கீர்த்தனாவின் வேலைக் கடிதத்தைப் பார்த்து, அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். இவ்வளவுதானா என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

கிளம்பும்போது அன்னா தயங்கித் தயங்கி, திரைச்சீலை, விளக்கு, தரை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறீர்களா, மலிவாகத் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பழைய சாமானை எங்கட தலையில கட்டப் பாக்கிறா. வேண்டாமெண்டு சொல்லு," என்றேன் மகளிடம்.

"அப்பா, ஃப்ளோரையும் சேர்த்துத்தான் கேக்கிறா."

"நிலத்தை ஆரும் தூக்கிக்கொண்டு போவினமே, பிள்ளை? சும்மா சொல்லுறா."

கீர்த்தனா வேண்டாம் என்றாள். அன்னா சிரித்த முகத்தோடு கைகொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வெள்ளி வீட்டுத் திறப்பு கைக்குக் கிடைத்தது. கதவைத் திறந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தரை இல்லை. சாம்பல் நிறச் சீமெந்து, அதில் பழைய தும்பும் தூசியும். விளக்குகள் இருந்த இடத்தில் வயர்கள் தொங்கின. கள்ளர் புகுந்துவிட்டார்கள் என்றே நினைத்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். வெளியே வந்த பெரியவர் நிதானமாக விளக்கினார்: இங்கே வெறும் வீடு என்றால் வெறும் வீடுதான். வாடகைக்கு வருபவர் தரை போடுவார், போகும்போது கழற்றிக்கொண்டு போவார்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றாள் கீர்த்தனா. கோபப்படவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தரை போடத் தெரியாதவனா நான்? அரை மணி நேரத்தில் அளவெடுத்து முடித்து, பஸ் பிடித்து ஹார்லெமில் ஒரு தரைக்கடைக்குப் போனோம்.

கடைக்காரன் இரண்டு விதமான வைனல் பலகைகளை எடுத்துப் போட்டான். ஒரு விதம், பலகைகளை ஒன்றோடொன்று மாட்டிக் கொழுவுவது. வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். மற்றது சீமெந்தில் பசை பூசி ஒட்டுவது. உறுதியானது, சத்தம் இராது, ஆனால் திரும்ப எடுக்க முடியாது.

"எத்தனை வருடம் இருப்பீர்கள்?" என்று கேட்டான்.

"இரண்டே வருடம். கொழுவுவதைத் தாருங்கள்," என்றேன் நான், ஆங்கிலத்தில்.

"அப்பா, ஒட்டுறதை எடுப்பம்."

"விசரே உனக்கு? போகேக்க என்ன செய்வாய்?"

கீர்த்தனா பலகையைத் தடவிக்கொண்டே நின்றாள். "வேலையை பெர்மனன்ற் ஆக்கிட்டாங்கள். ரெண்டு கிழமைக்கு முதல் சைன் பண்ணிட்டன். வீட்டுக்காரரிட்டயும் ஒட்டலாமோ எண்டு கேட்டனான், ஓம் எண்டவர். உங்களுக்குத்தான் எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல. ஐ லைக் இற் ஹியர், அப்பா."

கடைக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மறைக்க ஒன்றுமில்லை, எனக்குக் கண் கலங்கியது. யுத்தத்துக்குப் பயந்து ஊரை விட்ட எனக்கு, பிடித்திருக்கிறது என்பதற்காக ஒருத்தி தூர தேசத்தில் இருந்துவிடுவது புதிதாக இருந்தது. பிழை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

"அப்ப பசை ரெண்டு வாளி கூட எடு," என்றேன்.

சனிக்கிழமை சீமெந்துக் குழம்பு ஊற்றி மட்டப்படுத்தினோம். அது காய்ந்த பிறகு ஒட்டத் தொடங்கினோம். அவள் பசை பூச, நான் பலகை வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கோப்பியோடு வந்து குனிந்து பார்த்து, கோடு நேராக இருக்கிறது என்றார். நேராகத்தான் இருக்கும்.

செவ்வாய் காலை ஆம்ஸ்டர்டாம் ரயில் நிலையத்தில் மகளை அணைத்துக்கொண்டேன். அவள் வேலைக்கு நடந்தாள். நான் விமான நிலையத்துக்குப் போனேன். பிற்பகல் ரொறன்ரோ. மனைவி காரோடு நின்றா. நெடுஞ்சாலையில் ஏறும் வரைக்கும் வீடு, ஊர், கடல் என்று நானே அளந்துகொண்டு வந்தேன்.

"என்ன நிலம் போட்டனீங்கள்?" என்று கேட்டா. எங்கள் பேஸ்மென்ற்றுக்கு என்னோடு முழங்காலில் நின்று பலகை கொழுவியவ.

"ஒட்டினது."

கென்னடி றோட் வெளிவாசல் வந்தது. நெடுஞ்சாலையை விட்டு நாங்கள் இறங்க வேண்டிய இடம் அது, காரைத் திருப்பாமல் போய்க்கொண்டிருந்தா. பிறகு ஒரு கையால் கண்ணைத் துடைத்தா.

"அவளின்ர ரெண்டாவது அறைக்குள்ள டபுள் பெட் ஒண்டு கொள்ளுமே?"

"கொள்ளும்," என்றேன். "அளந்து பாத்திட்டுத்தான் வந்தனான்."