உதாரணம் இல்லாத பக்கம்

போன மாதம் சாய்ந்தமருதில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன். காய்ச்சலுக்கு அல்ல—வேலைக்கு. நோயாளிகளின் பெயரைத் திரையில் காட்டும் புரோகிராம் ஒன்று வேண்டுமாம்.

எதற்குத் திரை? நேர்ஸ் நஸ்ரினா ராத்தா காத்திருப்போர் வாங்கில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினார். மருதமுனை ஜெஸ்மின். பிறவியிலேயே காது கேட்காது. மடியில் இழுப்புக்காரப் பிள்ளை.

"நான் தொண்டை கிழியக் கூப்பிடுறன் தம்பி. அவக்குக் கேக்காதே! பக்கத்துல உள்ளவங்க சொல்ல மறந்தா அவட முறை போயிரும். போன கிழமை புள்ளைக்கு மூச்சு முட்டிப் போச்சு..."

உடனே ஒப்புக்கொண்டேன். திரையில் பெட்டி, பொத்தான், எழுத்தெல்லாம் வரைந்து தரும் இலவச டூல்கிட் ஒன்றை எடுத்தேன். அரை நாளில் வேலை முடிந்தது!

'ஜெஸ்மின்' என்று தட்டினேன். திரையில் எழுத்து உடைந்து வந்தது: கொம்பு ஒரு பக்கம், 'ஜ' ஒரு பக்கம், நடுவில் புள்ளிகளாலான வெறும் வட்டம்.

"இது யாருட பேரு தம்பி?" என்றார் ராத்தா.

டூல்கிட்டின் கையேட்டைத் திறந்தேன். 'எழுத்து அமைப்பு: எழுத்தை அமைக்கும்.' அவ்வளவுதான்! எப்படி அமைக்கும்? உதாரணம் எங்கே? 'பின்னர் எழுதப்படும்.' எப்போது... உலகம் அழியும் கியாமத் நாளிலா?

அதைச் செய்தவர்களை வாய் வலிக்கத் திட்டினேன். பிறகு, அந்த டூல்கிட்காரர்கள் இணையத்தில் கூடும் இடத்தில் என் புரோகிராமையும் சேர்த்துக் கேள்வியைப் போட்டேன். ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால்—பதில்! எழுதியவர் கம்போடியாவில் ஒரு பெண். அவருடைய மொழியும் இப்படித்தான் உடைந்ததாம். புரோகிராமின் விண்டோ திறக்கும் முன்பே ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். திறந்த பிறகு மாற்றினால் வேலை செய்யாது. என் புரோகிராமிலேயே அதற்கான வரியைச் சேர்த்து அனுப்பியிருந்தார். முகம் தெரியாத எனக்காக!

என்ன கைம்மாறு செய்வது என்று கேட்டேன். "கையேட்டில் அந்தப் பக்கத்தை நானும் எழுதாமலே விட்டுவிட்டேன். நீங்கள் எழுதுங்கள்" என்றார்.

அடுத்த முறை ஜெஸ்மின் வந்தபோது திரையில் பெயர் முழுசாக வந்தது. யாரும் தோளைத் தொடவில்லை. அவரே எழுந்தார், பிள்ளையைத் தூக்கினார். டொக்டரின் கதவருகே நின்று திரும்பி, திரையைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ராத்தா.

அன்றே அந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்—உதாரணத்தோடு. எழுதி, அழித்து, மறுபடி எழுதி... புரோகிராம் செய்ததைவிட அதிக நேரம் பிடித்தது! டூல்கிட்டில் இவ்வளவையும் சும்மா செய்து தந்த மனிதர்கள் எங்கே களைத்துப்போய் நிறுத்தினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

திட்டியதையெல்லாம் அவர்களுக்காக இறைவனிடம் கேட்கும் துஆவாக மாற்றிவிட்டேன்.