அக்காவின் தொண்டையும் பெட்டியின் கரகரப்பும்

கர்ர்க்... கர்ர்க்... டக்.

ஃப்ளாப்பியை உள்ளே தள்ளினால் அந்தப் பெட்டி இப்படித்தான் செருமிக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனுக்குப் பின்னால் ஜோய் சேட்டனின் கானமேளா குழு, அதாவது மேடைக் கச்சேரிக் குழு, ஒத்திகை பார்க்கும் ஷெட். சுக்கு வாசனை, தகரக் கூரை, நடுவில் கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ஜோய் சேட்டன் வாங்கிய பழைய சாம்ப்ளர். அதை வாசிப்பவன் நான்.

சாம்ப்ளர் என்றால் தெரியாதவர்களுக்கு... எந்தச் சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தினால் திருப்பித் தரும் கீபோர்டு. செண்டை, கோயில் மணி, எல்லாம் அதற்குள்ளே. கொச்சியின் ஈரத்தில் ஃப்ளாப்பி பூசணம் பிடிக்கும் என்று வீட்டு அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பேன். பிறகு டிரைவுக்குள் அரிசித் தூள் சிக்கிக்கொள்ளும். "அதுக்கும் சோறு கொடுத்தோ நீ?" என்பார் ஜோய் சேட்டன்.

நினைவு என்னவோ இனிப்பாகத்தான் தொடங்குகிறது. ஆனால் இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பையன் லேப்டாப்பில் ஒரு ப்ளக்-இன் காட்டினான். பழைய சாம்ப்ளர்களின் கரகரப்பை அப்படியே கொண்டுவரும் சாஃப்ட்வேராம். "அப்பா, என்ன வார்ம்த் கேட்டீங்களா? இந்த க்ரிட்டுக்காகத்தான் எல்லாரும் அலையுறாங்க" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கரகரப்பு அவன் அத்தையை என்ன செய்தது என்று அவனுக்குத் தெரியாது.

என் அக்கா செல்விக்கு அப்பாவைப் போலவே கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. காலையில் பள்ளுருத்தி ரோட்டில் துடைப்பம், சாயங்காலம் எங்கள் ஷெட்டில் மைக். மாரியம்மன் கோயில் கொடையில் அவள் பாடினால் வழியில் போகிற சேட்டன்மார் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள்.

எர்ணாகுளத்தில் ஒரு கேசட் கம்பெனி, தமிழ் அம்மன் பாட்டுகளுக்குப் பெண் குரல் தேடுகிறது என்று கேள்விப்பட்டோம். எடுத்துக்கொண்டால் கேசட் அட்டையில் பெயர் வரும். அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

மாதிரிக்கு வாத்தியங்களோடு முழுசாக ஒரு பாட்டு கொடுக்க வேண்டும். ஸ்டுடியோ நமக்குக் கட்டாது, அக்காவுக்கு லீவும் கிடையாது. அதனால் பல்லவியை ஒருமுறை பாடவைத்து சாம்ப்ளரில் ஏற்றி, பாட்டில் வரும் இடமெல்லாம் கட்டையை அழுத்துவதாக ஏற்பாடு. ஆனால் பெட்டியின் மெமரி சில விநாடிகளுக்கு மேல் தாங்காது. பல்லவியோ நீளம்.

அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். குரலை டேப்பில் பிடித்து, டேப்பை வேகமாக ஓட்டி, கீச்சுக் குரலாகப் பெட்டிக்குள் ஏற்றுவது. பிறகு கீழ்க்கட்டையை அழுத்தினால் குரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். பாதி இடத்தில் முழுப் பல்லவி. கூடவே ஒரு கரகரப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் காது அதற்குப் பழகிப்போயிருந்தது.

ஒரு சாயங்காலம் அக்காவையும் கூட்டிக்கொண்டு கேசட்டோடு எர்ணாகுளம் போனேன். கம்பெனிக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"பெண்ணின்றெ தொண்ட சரியில்லா. ஆகெ கரகரா. வேறெ ஆளுண்டோ?"

"அது மெஷின் சத்தம் சார். அவ இங்கதான் நிக்கிறா. ஒரே ஒரு வரி பாடச் சொல்லிக் கேளுங்க" என்றேன்.

"கேட்டது மதி" என்று கேசட்டை என் பக்கம் தள்ளினார். கேட்டவரை போதுமாம்.

ஒரு வரி. எதிரில் ஒரு பெண் உயிரோடு நிற்கிறாள், அவளிடம் ஒரு வரி கேட்க அந்த மனிதருக்கு மனசு வரவில்லை.

மட்டாஞ்சேரிக்குப் படகுத்துறையில் போட் ஏறித் திரும்பும்போது நான் மெஷின், மெஷின் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அக்கா தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஆறுதலுக்குச் சொல்லாதடா. ரோட்டுத் தூசி தின்ன தொண்ட. வேற எப்படி இருக்கும்?"

அதன்பிறகு அவள் மைக் முன்னால் நிற்கவில்லை. தினமும் உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். கோயில் கொடையில்கூட, கூட்டத்தோடு கூட்டமாகக் குலவை மட்டும்தான்.

அப்புறம் இரண்டாயிரமாம் வருஷம் வந்தது. கம்ப்யூட்டர் வந்தது. எல்லாருக்கும் துடைத்து வைத்த மாதிரி சுத்தமான சத்தம் வேண்டியிருந்தது. குழு கலைந்தது, பெட்டி பழைய இரும்புக்குப் போனது.

இப்போது பார்த்தால் அந்த அழுக்கையே பிடித்து, பெயர் வைத்து விற்கிறார்கள். கேரக்டராம்... ஆத்மாவாம். எங்களிடம் இருந்தபோது அதன் பெயர் 'தொண்டை சரியில்லை'.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை வீட்டுக்கு வரச் சொன்னேன். ரிட்டயர் ஆகிவிட்டாள். பழைய பல்லவியைப் பாடச் சொன்னபோது, "இந்தத் தொண்டய வச்சா? போடா" என்றாள். விடவில்லை. முனகலாகப் பாடினாள். பையன் போனில் பிடித்து ப்ளக்-இன்னில் போட்டான். திரையில் ஒரு திருகு. ஏற்றினால் கரகரப்பு ஏறும், இறக்கினால் இறங்கும்.

அவன் ஏற்றினான். எர்ணாகுளத்து ஆபீசில் அன்று கேட்ட அதே குரல்.

அக்காவின் முகம் மாறியது. அவள் கையைப் பிடித்து மவுஸில் வைத்தேன். இறக்கினாள். கரகரப்பு போய்விட்டது. வயதான குரல், கொஞ்சம் மூச்சு வாங்குகிறது... ஆனால் தெளிவான குரல். மறுபடி ஏற்றினாள். மறுபடி இறக்கினாள்.

"அப்போ... எந் தொண்டைக்கு ஒண்ணுமே இல்லியாடா?"

"அன்னிக்கு போட்டுல வரும்போதே சொன்னேனேக்கா" என்றேன்.

அன்று கூடப்பிறந்தவன் சொல்லி நம்பாததை, இன்று ஒரு சாஃப்ட்வேர் சொல்லி நம்புகிறாள். அவளைக் கோபித்து என்ன பயன். கண்ணைத் திறக்காமல் கேட்ட அந்த மனிதர் எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை... அவர் காதிலும் இதே கரகரப்பு இன்று இனிமையாகத்தான் விழுந்துகொண்டிருக்கும்.