மதினி கேட்ட கம்ப்யூட்டர்

வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைக்கு மதினி வந்த காலைப்பொழுதை நினைத்தால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அவர் உள்ளே நுழைந்ததுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தச் சாமானுக்குத் தூசி ஆகாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கல்லூரிகளும் மில் ஆபீஸ்களும்தான் எங்களிடம் வாங்கின. வீட்டுக்கென்று கேட்டு வந்தவர்கள் டாக்டர்கள், இல்லாவிட்டால் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த மதினி இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. எங்கள் மேலாளர் அவருக்கு எல்லாவற்றையும் காட்டினார். பெட்டி பாடியது. உலக உருண்டை சுழன்றது. சீட்டுக்கட்டு விரிந்தது. மதினி பொறுமையாகப் பார்த்துவிட்டு, “தமிழ்ல நாலு வார்த்தை அடிக்கணும்னா என்ன செய்யணும்?” என்று கேட்டார். மேலாளர் ஒன்றைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, எழுத்துரு ஏற்றி, விளக்கிக்கொண்டே போனார்.

“நான் சோறு பொங்க ஒரு பானை கேட்டு வந்தேன். நீங்க கல்யாண மண்டபத்தையே காட்டுதியளே” என்றார் மதினி.

மேலாளர் சிரித்துவிட்டார். “அப்படி ஒத்தைப் பானையா யாரும் செய்யலை டீச்சர்.”

“யாரும் செய்யலைன்னா செய்ய முடியாதுன்னா அர்த்தம்?”

அவர் கேட்டது தம் கணவருக்காக, அதாவது என் அண்ணனுக்காக. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாழைத்தார் ஏலம் கூறுகிறவர் அண்ணன். ஆற்றுப் பாசனத்துத் தார்கள் லாரி லாரியாக வந்து இறங்கும்போது, அத்தனை இரைச்சலுக்கும் மேலே அவர் குரல் எழும். வாங்க வந்தவர்களைக் கேலி செய்து, கோபப்படுத்தி, கடைசியில் சிரிக்க வைத்து விலையை ஏற்றிவிடுவார். பக்கவாதம் அந்தக் குரலைத்தான் முதலில் எடுத்தது. வலக்கையும் விழுந்துவிட்டது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, நாக்கும் கையும்தான் பேச்சு கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னார். அண்ணன் இடக்கையால் சிலேட்டில் எழுதப் பார்த்தார். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஒரு நாள் சிலேட்டைச் சுவரில் எறிந்தார். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவதோடு சரி. வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. பத்துப் பேர் பேச்சை ஒருவராகப் பேசிய வீடு அது.

புதுப்பெட்டியின் விலை மதினிக்கு எட்டாது. யாரோ புதியதுக்கு மாற்றிக்கொண்டு விட்டுப்போய்க் கிடங்கில் கிடந்த கறுப்பு வெள்ளைத் திரைக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுபோனேன். பழையதுதான், ஆனால் உழைக்கும். அதற்குப் பிறகு மதினி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. திரைக்கு ஒரு சுவிட்ச், பெட்டிக்கு ஒரு சுவிட்ச் எதற்கு என்று கேட்டார். இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைத்தேன். போட்டதும் ஆங்கிலத்தில் ஏதேதோ ஓடியது. “இதெல்லாம் அவுகளுக்கு என்னத்துக்கு?” என்றார். நேராகத் தமிழ் எழுதும் திரை வந்து நிற்கும்படி மாற்றினேன். தட்டச்சு படித்தவர்களுக்கான எழுத்து வரிசை அண்ணனுக்குப் புரியவில்லை. பள்ளிக்கூட அரிச்சுவடி வரிசையில், அவருடைய இடக்கைக்கு எட்டும்படி எழுத்துகளை அமைத்தேன். வேண்டாத விசைகளின் மேல் மதினி தம் கையாலேயே பிளாஸ்திரி வெட்டி ஒட்டினார். “தொடக்கூடாதது எதுக்குப்பா கண்ணுல படணும்?” என்றார். நான் படித்த எந்த வகுப்பிலும் இப்படி ஒருவர் கேட்டதில்லை.

எல்லாம் ஆன அன்று அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தோம். விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியது. மதினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நானும் காத்திருந்தேன். ‘காப்பில சீனி கூட’ என்று வந்தது.

மதினி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். “இத்தனை மாசமும் அந்தத் தித்திப்போடயேவா குடிச்சிய?” அண்ணன் தலையை ஆட்டவில்லை. மறுபடியும் விரலைத் தூக்கி, ‘ஆமா’ என்று அடித்தார்.

அடுத்த வாரமே சண்டை வந்துவிட்டது. அண்ணன் நெடுநேரம் பாடுபட்டு அடித்த ஒரு வாக்குவாதத்தை மின்வெட்டு விழுங்கிவிட்டது. அவர் மேசையை இடித்தார். “கரண்டு போனா பேசின பேச்சு போகுமா? இது என்ன பெட்டி?” என்று மதினி எனக்கு ஆள் அனுப்பினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் அது தானாகவே பதிந்துகொள்ளும்படி செய்து கொடுத்தேன். நான் அங்கிருக்கும்போதே விட்ட இடத்திலிருந்து இருவரும் சண்டையைத் தொடர்ந்தார்கள். அவர் ஒரு வரி அடிப்பதற்குள் மதினி பத்து வரி பேசிவிடுவார். பிறகு, “சரி, அடிங்க, நான் வாய மூடிக்கிடுதேன்” என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். அந்த வீட்டில் மறுபடி சத்தம் கேட்டது.

இப்படிப்பட்ட பெட்டிகளை நாமே செய்து மலிவாக விற்கலாமே என்று மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். “ஒரு வேலை மட்டும் செய்யுத பெட்டிய எவன்வே வாங்குவான்? நாலு வேலை செஞ்சாத்தான் மதிப்பான்” என்றார். வியாபாரமாக அவர் சொன்னது சரிதான். பின்னாளில் கம்ப்யூட்டர் மலிந்தது. எளிதானதா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் மதினியின் கைபேசியில் எதுவாவது இடம் மாறிவிட்டால் என்னைக் கூப்பிட்டு, “இத யாரு கேட்டா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்.

அண்ணன் சில வருஷங்கள் இருந்தார். அவர் போய்ப் பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்த பின், மதினியோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவருடைய அப்பாவுக்கு முக்கூடலில் அதே நோய் என்று தெரிந்தது. பெட்டியைக் கொடுத்துவிடலாம் என்று மதினிதான் சொன்னார். துடைத்து மூட்டை கட்டும் முன், அதற்குள் இருந்த அண்ணனுடைய வரிகளை என்ன செய்வது என்று தயங்கி நின்றேன். நகல் எடுத்து வைக்கவா என்று கேட்டேன்.

“வேண்டாம்ப்பா. அவுக சொன்னதெல்லாம் நான் கேட்டாச்சு. அழிச்சிரு.”

முக்கூடலுக்குக் காரில் கொண்டுபோனோம். அந்த வீட்டு அம்மாவுக்கு மதினியே சுவிட்சைக் காட்டினார். பெரியவரைத் தாங்கி உட்கார வைத்தார்கள். அவருடைய விரல் முதல் எழுத்தைத் தேடிப் போனது. என்ன வரப்போகிறது என்று பார்க்க நான் திரையை நோக்கிக் குனிந்தேன். மதினி என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்துவிட்டார்.

“வா. அது அவுக வீட்டுப் பேச்சு.”