குங்குமம் வைத்த சுரத்தாள்

போன வாரம் எங்கள் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நடந்ததை நினைத்தால், எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது.

பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவள் நான். கூச்சக்காரி. தலை நிமிராமலே வாசித்துப் பழக்கம். இந்த வருஷம் புதுப் பாட்டு வேண்டும் என்றார் கோயில் தலைவர். கூடவே, "தடுமாறுனீங்கன்னா அடுத்த வருஷம் அட்டன் டவுன்ல இருந்து ரெக்கார்டு செட்டு கொண்டாந்துருவோம்க்கா" என்றும் சொல்லிவிட்டார். வருஷம் முழுக்க நான் காத்திருப்பதே அந்த ஒரு நாளுக்குத்தான்... அதுவும் போனால்?

பள்ளிக்கூடத்து வாத்தியார் பாட்டுக்குச் சுரம் எழுதித் தந்தார். மேல் சுரம் என்றால் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எழுத்துத் தெரிந்தது. இந்த வயதுக் கண்ணுக்குப் புள்ளிதான் தெரியவில்லை. ஒரு கை துருத்தி தள்ள, ஒரு கை கட்டை அழுத்த — எங்கே குனிந்து தேடுவது?

யோசித்து, புள்ளி உள்ள இடமெல்லாம் குங்குமப் பொட்டு வைத்தேன். பளிச்சென்று தெரிந்தது. வீட்டில் வாசித்தபோது ஒரு பிசகில்லை.

கோயிலில் தாளை ஆர்மோனியப் பெட்டிமேல் வைத்துவிட்டுச் சேலையைச் சரி செய்தேன். அவ்வளவுதான். குங்குமம் வைத்த காகிதத்தைப் பார்த்த பூசாரி எடுத்துக்கொண்டு நடந்தார்.

"சாமி... அது..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அம்மன் காலடியில வச்சுத் தர்றேன். ஜாதகம் யாரோடதுங்க, பேரனோடதா?"

திரும்பி வந்த தாளில் தீர்த்தம் தெளித்து, தாராளமாகக் குங்குமமும் தூவியிருந்தார். எல்லா எழுத்தின் தலையிலும் சிவப்பு. எது நான் வைத்தது, எது அவர் போட்டது? மேளம் நின்றுவிட்டது. கூட்டம் என்னையே பார்த்தது. தாளில் தெரிந்தபடி வாசித்தேன் — பாட்டு முழுவதையும் மேல் சுரத்திலேயே.

பாடுகிற ராசம்மா பாவம். "எறங்குங்கக்கா... கொஞ்சம் எறங்குங்க" என்று வரிக்கு நடுவே கெஞ்சினாள். எங்கே இறங்குவது? பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்திக்குச் சாமியே வந்துவிட்டது.

முடிந்ததும் தலைவர் நேராக என்னிடம் வந்தார்.

"ரெக்கார்டு செட்டு இப்புடி ஆள ஆட வைக்குமாக்கா? அடுத்த வருஷமும் நீங்கதான். இதே மாதிரி வாசிங்க."

"அப்ப பாட வேற ஆளப் பாத்துக்கங்க" என்றாள் ராசம்மா, கரகரத்த தொண்டையோடு.

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. இதே மாதிரி என்றால்... இனி உட்கார்ந்து பிசகைத்தான் பழக வேண்டுமா?