ஆறு மட்டும் போதும் என்றார்கள்

கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் முகப்பருவை எடுப்பது என் வேலை. திருத்தணியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பரு, தழும்பு, வியர்வை மினுமினுப்பு, கறுப்பு நிறம் எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். ஒருமுறை முதலாளி சொன்னாரென்று ஒரு பெண்ணின் மோவாய் மச்சத்தையும் எடுத்துவிட்டேன். அவள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "என் மச்சம் எங்கக்கா?" என்று கேட்டாள். 

வானத்தைப் படம் பிடிப்பது என் சொந்தச் சமாசாரம். ஸ்டுடியோவில் ஒதுக்கிப்போட்ட கேமரா ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வானம் நகர நகரக் கேமராவையும் கூடவே திருப்பும் சின்ன மோட்டார் ஒன்றைப் பழையதாகப் பிடித்தேன். திருத்தணியில் வெளிச்சம் அதிகம். மலைமேல் எரியும் விளக்கிலேயே பாதி வானம் மஞ்சளாகிவிடும். அதனால் பள்ளிப்பட்டுப் பக்கம் அக்கா வீட்டு மாடிக்குப் போவேன். அங்கே வேறு தொல்லை. கீழே அக்கா வீட்டுக்காரரின் விசைத்தறி ஓடும், மாடி அதிரும், நட்சத்திரம் புள்ளியாக விழாமல் புழுவாக விழும். முதல் இரண்டு தடவை எடுத்தது அத்தனையும் குப்பை.

"தறியக் கொஞ்சம் நிறுத்துங்க பாவா."

"உன் நட்சத்திரம் எனக்கு லுங்கி நெய்ஞ்சு குடுக்குமா?"

அப்படித்தான் பேசுவார். ஆனால் சாப்பாட்டுக்கு நிறுத்தியவர் அன்றைக்குத் திரும்ப ஓட்டவில்லை.

மார்கழியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எடுத்தேன். அரை நிமிடப் படங்கள் முந்நூறுக்கு மேல். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் கொஞ்சம் புள்ளியும், மணலை வாரி இறைத்த மாதிரி, இரைச்சல் என்று நாங்கள் சொல்லும் பொய்ப்புள்ளிகளும்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். உண்மையான வெளிச்சம் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். இரைச்சல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அடுக்க அடுக்க இரைச்சல் அடங்கி, வெளிச்சம் மேலே வரும்.

முதல் தடவை அடுக்கியதைக் கெடுத்தது நான்தான். நட்சத்திரங்களைச் சுற்றி மங்கலாக ஒரு நீலப் புகை தெரிந்தது. ஒன்பது வருடப் பழக்கம், வியர்வையைத் துடைப்பதுபோல் அதைத் துடைத்தேன். பொடிப்பொடிப் புள்ளிகளைப் பருவென்று எடுத்தேன். கடைசியில் சுத்தமான கறுப்பில் சில வெள்ளைப் பொட்டுகள் மிஞ்சின. ரொம்பப் பெருமையாக இருந்தது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், அந்தப் புகைதான் விஷயமே. வானத்துத் தூசியில் நட்சத்திர வெளிச்சம் பட்டு நீலமாகத் தெரிகிறது. நான் துடைத்த பொடிப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன். வேலை முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்து மூன்று வாரம்.

தை கிருத்திகைக்கு முன்னால், மலையடிவாரத்தில் சாமி படக் கடை வைத்திருப்பவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். என் திரையில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது இன்னாம்மா?"

"கார்த்திகைங்க."

"அட. நம்ம முருகனுக்குப் பால் குடுத்தவங்க. முதலாளி, இதையே பிரேம் போட்டுக் குடு. கிருத்திகைக்கு வச்சா பறந்துடும்."

என் படம் ஊர் ஊராக வீடுகளில் மாட்டியிருக்கும் என்று நினைத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"இன்னா இவ்ளோ கீது? அவங்க ஆறு பேருதானே. ஆறை வச்சிகினு மீதிய எடுத்துடும்மா."

"எடுக்க முடியாதுங்க. எல்லாம் நெசமா இருக்கறது."

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்கு இது தெரியாது."

எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக ஏசுவைக் கும்பிடுகிறோம். நாலு தலைமுறையாக இந்த மலையைப் பார்த்துக்கொண்டும்தான் இருக்கிறோம்.

"கதை எனக்கும் தெரியும். கதைல ஆறு பேரு, அதை நான் இல்லேன்னு சொல்லல. இது கதைக்கு வரைஞ்ச படம் இல்ல. வானத்தைப் பார்த்து எடுத்த படம்."

முதலாளி குறுக்கே வந்தார். "பொண்ணுங்க மூஞ்சில தெனம் எடுக்கறதுதானே. இதுல மட்டும் இன்னா வந்துச்சு? முடியாதுன்னா சொல்லு, வேற ஆளு பார்த்துக்கறேன்."

"பார்த்துக்குங்க அண்ணே. நான் அழிக்க மாட்டேன்."

மௌஸை விட்டுவிட்டு எழுந்தேன். "நீங்களே அழிங்க. ஆனா எந்த ஆறு? அதை மொதல்ல காட்டுங்க."

கடைக்காரர் திரையில் விரலை வைத்து எண்ணினார். ஏழு வந்தது. மறுபடி எண்ணினார், ஒன்பது. முதலாளி வேறு ஆறைக் காட்டினார். "அது சின்னதுய்யா" என்றார் கடைக்காரர். "சின்னதா இருந்தா இன்னா, அதுவும் தாய்தானே." இரண்டு பேரும் மலைப்படி எண்ணுவதுபோல் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் முதலாளியே ஒரு நகல் எடுத்து வைத்து அழிக்க ஆரம்பித்தார். தோலுக்குச் செய்கிற வேலை புகைக்குச் சரிப்படவில்லை. அழித்த இடமெல்லாம் பக்கத்து நீலம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "இன்னாய்யா இது, அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி கீது. வுடு, நான் எப்பவும் போடற வள்ளி தெய்வானை படத்தையே போட்டுக்கறேன்."

போய்விட்டார். முதலாளி நாலு நாள் போன் போட்டு வேறு ஆள் தேடினார். ஒருத்தரும் வரவில்லை, இந்தச் சம்பளத்துக்கு எவர் வருவார்?

ஐந்தாம் நாள் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன், ஒரு புள்ளிகூடக் குறையாமல். மணப்பெண் படங்கள் மாட்டும் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

"எவன் கேட்டான் இதை?" என்றார் முதலாளி.

"எவனும் கேக்கல."

"எறக்கு."

இறக்கவில்லை. வருகிறவர்கள் என்ன படம் என்று கேட்கிறார்கள். கார்த்திகை என்கிறேன். ஆறுதானே என்கிறார்கள். எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் மச்சத்தை எடுக்கச் சொன்னால், அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்காமல் எடுப்பதில்லை.